தொடர் கொலையாளி பற்றிய ஒரு புத்தகத்தை ஆய்வில் எவ்வளவு தூரம் நம்பலாம்?

தங்கச்சி, உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதத்தில் ஒருக்கால் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் இறுதியாண்டு. ஆய்வுக்கட்டுரைக்கு, சென்னையில் ஆறு கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்ட ஆட்டோ சங்கரின் வழக்கை எடுத்திருக்கிறீர்கள். கையில் இருப்பது சென்னையில் அச்சான ஒரு புத்தகம். எழுதியவர் பத்திரிகையாளர். உசாத்துணைப் பட்டியல் இல்லை, அடிக்குறிப்பு ஒன்றுகூட இல்லை, ஆனால் எடுத்தால் வைக்க முடியாத மாதிரி எழுதியிருக்கிறார். மேற்பார்வையாளர் "இந்த இரண்டாம் நிலை மூலத்தை மதிப்பிட்டு எழுதிக்கொண்டு வாரும்" என்று சொல்லிவிட்டா. இரண்டாம் நிலை மூலம் என்றால், நேரடிப் பதிவுகளையும் சாட்சிகளையும் வைத்துப் பிறகு இன்னொருவர் எழுதினது. எழுதியவர் யார், எந்த ஆண்டு, எந்தப் பதிப்பகம் என்று ஒரு பந்தி எழுதினீர்கள், அதற்குமேல் பேனா ஓடவில்லை. நீங்கள் வட்ஸ்அப்பில் அனுப்பின நான்கு பக்கங்களையும் வாசித்தேன். நீண்ட காலம் நீதிமன்றச் செய்தி எழுதி, பிறகு மற்றவர்கள் எழுதின செய்தியைத் திருத்தி வந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், இந்தப் புத்தகம் நல்லதா கெட்டதா என்று யோசிப்பதை விடுங்கள். அந்தக் கேள்வியோடு இருந்தால் "எழுதியவர் அனுபவமுள்ளவர், ஆனாலும் மிகைப்படுத்தல் உண்டு" என்கிற மாதிரி ஒரு வழவழா வசனத்துக்குத்தான் போய்ச் சேருவீர்கள். ஒரே பக்கத்தில் ஒரு வசனம் தீர்ப்பிலிருந்து எடுத்ததாக இருக்கும், அடுத்த வசனம் யாரோ ஒரு பொலிஸ் அதிகாரி பெயர் போடவேண்டாம் என்று சொல்லிக் கொடுத்ததாக இருக்கும், மூன்றாவது எழுதியவருடைய மேசையிலேயே பிறந்திருக்கும். அச்சில் மூன்றும் ஒரே மாதிரித்தான் தெரியும். அதனால் எடைபோட வேண்டியது வசனத்தை. ஒவ்வொரு வசனத்திடமும் கேளுங்கள்: இதை யார் கண்ணால் கண்டிருக்க, காதால் கேட்டிருக்க முடியும்? அவரிடமிருந்து இந்தப் பக்கம் வரைக்கும் இது எந்த வழியால் வந்தது?

நீங்கள் அனுப்பின இரண்டாவது படத்தையே எடுப்போம். திருவான்மியூரில் ஓர் இரவு. மழை தூறுகிறது. சங்கர் சிகரெட் பற்றவைக்கிறார். கொல்லப்படப் போகிறவர் கைகூப்பிக் கெஞ்சுகிறார். அந்த நேரம் சங்கருக்குத் தன் தாயின் முகம் நினைவில் வந்துபோகிறது. எண்ணிப் பார்த்தால் நாலு தகவல், நாலுக்கும் ஒரே பெறுமதி இல்லை. மழை பெய்ததா என்பதை அன்றைய பத்திரிகையைப் புரட்டியே பார்க்கலாம், வெளியில் இருந்து சரிபார்க்கக்கூடிய விஷயம். சிகரெட்டைச் சொல்ல அங்கே நின்ற ஒருவர் வேண்டும், அதாவது கூட்டாளிகளில் ஒருவர் சாட்சியம் கொடுத்திருக்க வேண்டும். கெஞ்சினதும் அப்படித்தான், கெஞ்சினவர் உயிரோடு இல்லை. தாயின் முகம்? அது சங்கர் ஒருவருக்கு மட்டுமே தெரியக்கூடியது. அவர் அதை எங்காவது சொல்லியிருந்தால், எங்கே, யாரிடம், என்ன நோக்கத்தோடு சொன்னார் என்று புத்தகம் காட்டவேண்டும். காட்டவில்லை. அப்ப, உங்கள் ஆய்வைப் பொறுத்தவரை அது கற்பனை. எழுதியவர் பொய்யர் என்று நான் சொல்லவில்லை, இந்த வகை எழுத்தில் காட்சியாக எழுதுவது வழக்கம்தான். ஆனால் ஆய்வுக்கட்டுரையில் "சங்கர் தாய்ப்பாசத்தால் குழம்பிய மனநிலையில் இருந்தார்" என்று எழுதி இந்தப் பக்கத்தை ஆதாரமாகக் காட்டினீர்கள் என்றால், ஒருவருடைய கற்பனைக்கு நீங்கள் பல்கலைக்கழக முத்திரை குத்திக் கொடுத்ததாகிவிடும்.

அடுத்து, குற்ற ஒப்புதல் வாக்குமூலம். இது மிகவும் முக்கியம், கொஞ்சம் நின்று வாசியுங்கள். "பொலிஸாரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான்" என்ற வசனம் புத்தகத்தில் அடிக்கடி வருகிறது. இந்தியாவில் 2024 வரை நடைமுறையில் இருந்த 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலைக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. எங்களுடைய 1895ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டத்திலும் அதே 25ஆம் பிரிவு, அதே கருத்து. நீதிவான் முன்னிலையில் கொடுத்தால் அது வேறு. ஒப்புதலின் பேரில் ஓர் ஆயுதமோ உடலோ கண்டெடுக்கப்பட்டால் அந்த அளவுக்கு 27ஆம் பிரிவு இடம் கொடுக்கும். சட்டம் ஏன் இவ்வளவு சந்தேகப்படுகிறது என்று வடக்கில் பிறந்த ஒருவருக்கு நான் விளக்கத் தேவையில்லை. 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் உதவிப் பொலிஸ் அத்தியட்சகரும் அவருக்கு மேற்பட்டவர்களும் எடுத்த ஒப்புதலைச் செல்லுபடியாக்கியது. அந்த விதிவிலக்கினால் எத்தனை பேர், வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதின தாளில் கையொப்பம் வைத்துவிட்டுச் சிறையில் கிடந்தார்கள் என்பது எங்கள் ஊர்களுக்குத் தெரியும். தெரிந்திருந்தும், அதே மாதிரியான ஒப்புதல் வேறு நாட்டில் ஒரு கொலைகாரனின் பெயரில் வந்தால் கேள்வி கேட்காமல் நம்பிவிடுகிறோம். அந்த ஆள் கொடியவன் என்ற முடிவு எங்கள் மனதில் முதலே விழுந்துவிடுவதுதான் அதற்குக் காரணம். தொடர் கொலையாளி பற்றிய மூலங்களை மதிப்பிடுவது மற்றக் குற்றங்களை விடக் கஷ்டமாக இருப்பதும் இதனால்தான்: அவன் எதையும் செய்திருப்பான் என்று வாசகர் நம்பத் தயாராக இருக்கிறார், எழுதுகிறவருக்கும் அது தெரியும்.

இதற்குப் பெரிய உதாரணம் ஹென்றி லீ லூக்காஸ். அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் 1983இல் பிடிபட்ட பிறகு நூற்றுக்கணக்கான கொலைகளைச் செய்ததாக ஒப்புக்கொண்டார், ஒரு கட்டத்தில் 600 வரைக்கும் போனது. பல மாநிலங்களில் இருந்து துப்பறிவாளர்கள் வரிசையாக வந்து தங்கள் பழைய வழக்குகளைக் காட்டினார்கள், அவரும் தலையாட்டினார், இருநூறுக்கு மேற்பட்ட வழக்குகள் முடிந்ததாக மூடப்பட்டன. 1985இல் டலஸ் நகரப் பத்திரிகை ஒன்று அவருடைய வேலைப் பதிவுகளையும் பயணங்களையும் எடுத்து வரிசைப்படுத்திப் பார்த்தபோது, பல கொலைகள் நடந்த நாளில் அவர் நூற்றுக்கணக்கான மைல் தள்ளி இருந்தது தெரியவந்தது. 1986இல் அந்த மாநிலத்தின் சட்டமா அதிபர் அலுவலகமும் அதே முடிவோடு அறிக்கை வெளியிட்டது. 1998இல் அவருடைய மரண தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தவர் அப்போது ஆளுநராக இருந்த ஜோர்ஜ் புஷ். ஆனால் 1985க்கு முன்பு எழுதப்பட்ட புத்தகங்களில் லூக்காஸ் உலகின் மிகப் பெரிய கொலையாளி, அந்தப் புத்தகங்களைப் பார்த்து எழுதியவர்களுக்கு இன்றைக்கும் அப்படித்தான். சுவீடனில் தோமஸ் குயிக் என்ற பெயரில் அறியப்பட்டவர் இதைவிட மோசம். 1994க்கும் 2001க்கும் இடையில் எட்டுக் கொலைகளுக்கு நீதிமன்றமே அவரைக் குற்றவாளி என்று தீர்த்தது, 2008இல் எல்லாமே பொய் என்று வாக்குமூலத்தை மீளப்பெற்றார், 2013க்குள் எட்டு வழக்கிலும் விடுவிக்கப்பட்டுவிட்டார். ஆகவே பதிப்பாண்டு என்பது முன்பக்கத்தில் இருந்து பார்த்து எழுதுகிற வெறும் விபரம் இல்லை. அந்தப் புத்தகம் எழுதப்பட்ட ஆண்டில் எது தெரிந்திருந்தது, எது இன்னும் வெளிவரவில்லை என்று கேட்கத்தான் அந்த ஆண்டு.

சரி, சங்கருக்கு வருவோம். நீதிமன்றப் பதிவின்படி ஆறு கொலைகள். செங்கல்பட்டு அமர்வு நீதிமன்றம் 1991 மே 31இல் மரண தண்டனை விதித்தது, சென்னை உயர் நீதிமன்றம் 1992 ஜூலையில் உறுதிசெய்தது, உச்ச நீதிமன்றம் 1994 ஏப்ரல் 5இல் மேன்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது, 1995 ஏப்ரலில் சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அந்த ஆறு பேரில் பெரும்பாலானவர்கள் ஆண்கள். ஆனால் ஆங்கிலத்தில் பல காலமாகச் சுற்றிக்கொண்டிருக்கிற ஒரு சுருக்கம் இருக்கிறது: 1988இல் ஆறு மாதத்துக்குள் திருவான்மியூரில் ஒன்பது பதின்வயதுப் பெண்பிள்ளைகள் காணாமல் போனார்கள், அவர்களை ஆட்டோவில் கடத்திக் கொன்றவன் சங்கர் என்று. நீங்கள் அனுப்பின முதல் பக்கம் கிட்டத்தட்ட அந்தச் சுருக்கத்தின் தமிழாக்கம் மாதிரித்தான் எனக்குப் படுகிறது. எவருக்காகத் தண்டிக்கப்பட்டார் என்பதற்கும் எவரைக் கொன்றதாகக் கதை ஓடுகிறது என்பதற்கும் இவ்வளவு இடைவெளி. அது எங்கிருந்து வந்தது, வெளிநாட்டுத் தொடர் கொலையாளிகளின் அச்சில் வார்க்கப்பட்டதா, கைதான நாட்களின் பத்திரிகைப் பரபரப்பா என்று தேடினால் அதுவே உங்களுக்கு ஓர் அத்தியாயம். இப்போதைக்குச் செய்யவேண்டியது, புத்தகம் சொல்லுகிற கொல்லப்பட்டவர்களின் பட்டியலைத் தீர்ப்பில் உள்ள பட்டியலோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, இந்தியன் கானூன் தளத்தில் தேடினால் வரும். ஒரு பின்னேரத்தில் முடியும் வேலை. அந்த ஒப்பீடு இல்லாமல் உங்கள் மதிப்பீடு நிற்காது.

புத்தகத்தின் பின்னுரையில் "சங்கரே எழுதின சுயசரிதையின் அடிப்படையில்" என்று போட்டிருக்கிறார்களே, அதில்தான் நீங்கள் மிகவும் கவனமாக இருக்கவேண்டும். அந்தச் சுயசரிதை விவகாரம் ஒரு பெரிய வழக்காகவே போயிற்று. சங்கர் சிறையில் இருந்து 300 பக்கத்துக்கு எழுதி மனைவியிடம் கொடுத்ததாகவும், அது சட்டத்தரணி வழியாகத் தங்களிடம் வந்ததாகவும் சொல்லி நக்கீரன் இதழ் 1994இல் தொடராகப் போட ஏற்பாடு செய்தது. அதில் உயர் அதிகாரிகளுக்கும் சங்கருக்கும் இருந்த தொடர்புகள் வரும் என்றார்கள். சிறைத்துறைத் தலைவர் 1994 ஜூன் 15இல் கடிதம் எழுதினார்: அது சங்கர் எழுதினதே இல்லை, வெளியிடாதீர்கள் என்று. இதழ்க்காரர் உச்ச நீதிமன்றம் போனார்கள். 1994 ஒக்ரோபர் 7இல் நீதியரசர் ஜீவன் ரெட்டி எழுதின தீர்ப்பு, அந்தரங்கத்துக்கான உரிமை பற்றி இந்தியாவில் எவர் பேசினாலும் எடுத்துக்காட்டுகிற தீர்ப்புகளில் ஒன்று. வெளிவருவதற்கு முன்பே அரசு தடுக்க முடியாது, பொதுப் பதிவுகளில் உள்ள அளவுக்குச் சங்கரின் வாழ்க்கைக் கதையை அவருடைய சம்மதம் இல்லாமலே போடலாம், அதற்கு அப்பால் போனால் அந்தரங்க உரிமையை மீறுவதாகலாம், விளைவுக்கு அவர்களே பொறுப்பு. இதுதான் சாரம். ஆனால் சங்கரோ மனைவியோ அந்த வழக்கில் தரப்பாக இருக்கவில்லை, அந்தக் கையெழுத்துப் பிரதி உண்மையில் அவருடையதா என்று நீதிமன்றம் முடிவு சொல்லவும் இல்லை. வெளியிடலாம் என்ற தீர்ப்பை, "உண்மை என்று நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது" என்று சிலர் எழுதுகிறார்கள். உங்கள் புத்தகமும் மூன்றாவது படத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான் போகிறது. அதைப் பிடித்து எழுதுங்கள். சரி, சங்கரே எழுதினார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அது மரண தண்டனை வழக்கில் சிறையில் இருந்த ஒரு மனிதர் எழுதினது. தன்னைவிடப் பெரியவர்கள் தப்பிவிட்டார்கள் என்று சொல்ல அவருக்குக் காரணம் இருந்தது. அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம், அதனால்தான் அதைத் தூக்கி எறியவும் கூடாது. வேறு எதனோடும் பொருந்துகிறதா என்று பார்க்கவேண்டும்.

எண்ணிக்கை என்று வந்தால் நாலாவது படம். "931 பேரைக் கொன்ற பெஹ்ராம்" என்று ஒரு துணைத் தலைப்பு. யூரியூப்பில் தமிழில் ஓடுகிற காணொளிகளிலும் இந்த எண்தான். பெஹ்ராம், வழிப்பயணிகளைக் கழுத்து நெரித்துக் கொன்று கொள்ளையடித்த தக்கர் கூட்டத்தைச் சேர்ந்தவர். இதன் வேர் 1830களில் தக்கர் ஒழிப்பு அலுவலகத்தில் வேலைசெய்த ஜேம்ஸ் பேட்டன் என்ற கிழக்கிந்தியக் கம்பனி அதிகாரியின் கையெழுத்துக் குறிப்பு. அதில் பெஹ்ராம் சொல்வதாக இருப்பது, 931 கொலைகள் நடந்த இடங்களில் தான் இருந்ததாக. தன் கையால் ஏறத்தாழ 125 பேர், மற்றவர்கள் கொன்றதைக் கண்டது இன்னும் 150 பேர் வரை என்றும் அதே ஆள் சொல்கிறார், இந்தக் கணக்கே ஒன்றோடு ஒன்று பொருந்தவில்லை. சொன்னவர் தன் கூட்டத்தாரைக் காட்டிக்கொடுத்து உயிர் தப்பப் பார்த்த ஒரு கைதி, எழுதிக்கொண்டவர் அந்த ஒழிப்பு வேலையைச் செய்த அரசின் அதிகாரி. "இருந்தேன்" என்பது எங்கேயோ ஓர் இடத்தில் "கொன்றேன்" ஆகிவிட்டது, அதன் பிறகு ஒவ்வொருவரும் முன்னால் எழுதினவரைப் பார்த்து எழுதினார்கள். பத்துப் புத்தகத்தில் 931 இருந்தாலும் மூலம் ஒன்றுதான். "பல நூல்கள் உறுதிப்படுத்துகின்றன" என்று எழுதுவதற்கு முன்பு அந்தப் பல நூல்கள் ஒன்றையொன்று பார்த்து எழுதினவையா என்று பாருங்கள். ஒரே எழுத்துப்பிழை, ஒரே தவறான திகதி, ஒரே உவமை இரண்டு இடத்தில் வந்தால் அது நல்ல அடையாளம்.

எண்ணிக்கை வேறுபட்டால் ஒன்று பொய் என்று உடனே முடிவெடுக்கவும் கூடாது. இங்கிலாந்து வைத்தியர் ஹரோல்ட் ஷிப்மன் 2000 ஜனவரியில் தண்டிக்கப்பட்டது 15 கொலைகளுக்கு. பிறகு நீதிபதி ஜெனற் ஸ்மித் தலைமையில் நடந்த விசாரணை 2002இல் 215 பேரைக் கொன்றதாக முடிவுசெய்தது, இன்னும் 45 மரணங்களில் பலத்த சந்தேகம் என்றது. 2005இன் அறிக்கை மொத்தத்தை ஏறத்தாழ 250 என்று மதிப்பிட்டது. 15, 215, 250 மூன்றும் சரி. ஒன்று ஜூரி தீர்த்தது, ஒன்று விசாரணை ஆணைக்குழு ஒவ்வொரு மரணமாகப் பார்த்துச் சொன்னது, மற்றது மதிப்பீடு. நல்ல ஆசிரியர் எதைச் சொல்கிறார் என்று ஒரு சொல்லாவது வைப்பார். 250 என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறவரிடம் மற்ற எண்களையும் சந்தேகத்தோடு வாங்குங்கள்.

அப்புறம் அந்தச் சிறுபராய அத்தியாயம். படுக்கையில் சிறுநீர் கழித்தல், நெருப்பு வைத்தல், மிருகங்களை வதைத்தல், இந்த மூன்றும் இருந்தால் பிள்ளை தொடர் கொலையாளியாக வளரும் என்று அமெரிக்க ஆய்வு நிரூபித்திருக்கிறது என்று எழுதியிருக்கிறார். அந்த ஆய்வு ஜோன் மக்டொனால்ட் என்ற மனநல வைத்தியர் 1963இல் எழுதினது. அவர் பார்த்தது கொலராடோவில் ஒரு மனநல வைத்தியசாலைக்கு வந்த 100 நோயாளிகளை. கொலை செய்தவர்களை இல்லை, கொல்லுவேன் என்று மிரட்டினவர்களை. ஒப்பிட்டுப் பார்க்கச் சாதாரண ஆட்கள் கொண்ட குழுவும் இல்லை. பிறகு வந்த ஆய்வுகள் இந்த மூன்றுக்கும் கொலைக்கும் நேரடித் தொடர்பைக் காட்டவில்லை, படுக்கையை நனைக்கும் பிள்ளைகள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். இதைப் பற்றி எனக்குக் கோபமே வரும். யுத்தத்துக்குள் பிறந்து ஷெல் சத்தத்தில் படுக்கையை நனைத்த பிள்ளைகள் எங்கள் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருந்தார்கள். இப்படி ஒரு வசனத்தை ஆசிரியர்மாரும் தாய்மாரும் வாசித்துப் பயந்துபோனால் யார் பொறுப்பு? அதே மாதிரி "ஒழுங்கமைந்த கொலையாளி, ஒழுங்கற்ற கொலையாளி" என்கிற பிரிவு. அது அமெரிக்க மத்திய புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. ஆட்கள் சிறையில் 36 பேரைப் பேட்டி கண்டு உருவாக்கினது. 2004இல் உளவியலாளர் டேவிட் கன்ரரும் கூட இருந்தவர்களும் 100 தொடர் கொலைகளின் விபரங்களை வைத்துச் சோதித்தபோது அப்படித் தெளிவாக இரண்டாகப் பிரியவில்லை. எஃப்.பி.ஐ. 2008இல் வெளியிட்ட அறிக்கையே, தொடர் கொலையாளிகள் எல்லாரும் தனிமை விரும்பிகள், எல்லாரும் வெள்ளைக்கார ஆண்கள், நிறுத்தவே மாட்டார்கள் என்பவை பிழையான நம்பிக்கைகள் என்று சொல்கிறது. உங்கள் ஆசிரியர் எஃப்.பி.ஐ. பெயரைச் சொல்லுகிறார், ஆனால் எந்த ஆண்டு, எந்த அறிக்கை என்று சொல்லவில்லை. பெயரை மட்டும் சொல்வது ஆதாரம் ஆகாது.

"ஓய்வுபெற்ற பொலிஸ் அதிகாரியே சொன்னார், அப்ப நம்பலாம்தானே" என்று கேட்டிருந்தீர்கள். உள்ளே இருந்தவருக்குத் தெரியும் என்பது உண்மைதான், ஆனால் எவ்வளவு உள்ளே, எப்போது? 1888இல் லண்டன் வைற்சப்பலில் ஐந்து பெண்களைக் கொன்ற ஜாக் த ரிப்பர் விஷயத்தில், சந்தேகநபர் மூவரின் பெயர்களைக் குறித்துவைத்தவர் மெல்வில் மக்நோற்றன். பெரிய பொலிஸ் அதிகாரி. ஆனால் அவர் பொலிஸில் சேர்ந்தது கொலைகள் முடிந்த பிறகு 1889இல், குறிப்பை எழுதினது 1894இல். மொன்ரேகு ட்ரூயிற் என்பவரை 41 வயதுடைய வைத்தியர் என்று எழுதினார். ட்ரூயிற் 31 வயதுச் சட்டத்தரணி, பாடசாலையில் படிப்பித்தவர். இன்னொரு சந்தேகநபரான ஒஸ்ற்றொக் அந்த நாட்களில் பிரான்சில் சிறையில் இருந்தார் என்று பல காலம் கழித்துத் தெரியவந்தது. ஆக, பதவி பெரிதாக இருந்தாலும் ஞாபகம் ஞாபகம்தான். ஜாக் த ரிப்பர் என்ற பெயர்கூட ஒரு செய்தி நிறுவனத்துக்கு வந்த கடிதத்தில் இருந்துதான் வந்தது, அந்தக் கடிதத்தை ஒரு பத்திரிகையாளரே எழுதியிருப்பார் என்று அந்தக் காலத்துப் பொலிஸ் அதிகாரிகளே சந்தேகப்பட்டார்கள்.

பத்திரிகைச் செய்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை, எங்கள் தொழில் என்பதால். கைதான அன்று வரும் செய்தி பெரும்பாலும் பொலிஸ் சொன்னது. நீதிமன்றில் முற்படுத்தும்போது பொலிஸார் கொடுக்கிற பி அறிக்கையைத்தான் அடுத்த நாள் எழுதுவோம். சந்தேகநபரின் பக்கம் மாதக்கணக்காக அச்சில் வராது, வழக்கு மேல் நீதிமன்றத்துக்குப் போய்ச் சாட்சிகள் குறுக்கு விசாரணைக்கு உட்படும்போது முதல்நாள் செய்தியில் பாதி கழன்றுபோகும். அந்த நேரத்தில் செய்தி உள்பக்கத்தில் நாலு வரியாகிவிட்டிருக்கும். அதனால் உங்கள் ஆசிரியர் பத்திரிகைகளைத்தான் பார்த்து எழுதினார் என்றால், முதல் வாரத்துச் செய்தியைப் பார்த்தாரா, விசாரணைக் காலத்துச் செய்தியையும் பார்த்தாரா என்று கண்டுபிடியுங்கள். அத்தியாயங்கள் கைது வரைக்கும் நீட்டி முழக்கி, விசாரணைக்கு ஐந்து பக்கம் ஒதுக்கியிருந்தால் பதில் அதிலேயே இருக்கிறது.

கொல்லப்பட்டவர்களைப் புத்தகம் எப்படி நடத்துகிறது என்பதையும் பாருங்கள், இதை ஒழுக்கப் பிரச்சினையாக மட்டும் எடுக்காதீர்கள். சங்கருக்குத் தாய், தகப்பன், காதல், பயம் எல்லாம் இருக்கிறது. இறந்தவர்களுக்கு ஒரு தொழிலும் ஒரு பழிச்சொல்லும் மட்டும் இருக்கிறது. ரிப்பரின் ஐந்து பேரையும் ஒட்டுமொத்தமாக விபசாரிகள் என்று நூறு வருடத்துக்கு மேலாக எழுதினார்கள். 2019இல் ஒரு வரலாற்றாசிரியர் மரண விசாரணைப் பதிவுகளையும் மற்ற ஆவணங்களையும் எடுத்து வைத்து, எல்லாருக்கும் அதற்கு ஆதாரம் இல்லை என்று வாதிட்டார். அதை மறுக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்த விவாதம் வருவதற்கே அவ்வளவு காலம் எடுத்தது, யாரும் போய்ப் பார்க்கவில்லை என்பதால். இறந்தவர்களைப் பற்றி அக்கறையில்லாமல் எழுதினவர் அவர்களைப் பற்றிய தகவலைச் சரிபார்த்திருக்கவும் மாட்டார். அது நேரடியாக நம்பகத்தன்மையில் கை வைக்கிற விஷயம்.

இவ்வளவையும் பார்த்துவிட்டு, புத்தகத்தைப் பாவிக்கலாமா என்றால், பாவிக்கலாம். எதற்கு என்பதுதான் கேள்வி. சங்கர் என்ன செய்தார் என்று நிறுவ இது பலவீனமான இரண்டாம் நிலை மூலம். தீர்ப்போடு பொருந்துகிற இடங்களில் தீர்ப்பையே காட்டலாம், பொருந்தாத இடங்களில் இதை நம்ப முடியாது. ஆனால் உங்கள் தலைப்பை மறுபடி பாருங்கள், "தமிழ் ஊடகங்களில் தொடர் கொலையாளி உருவாக்கப்படும் விதம்" என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்? அந்தக் கேள்விக்கு இந்தப் புத்தகம் முதல் நிலை மூலம், அதாவது நீங்கள் நேரடியாக ஆராய்கிற பொருளே இதுதான். தாயின் முகமும் மழையும் 931உம் அங்கே உங்களுக்குப் பிழையான தகவல் இல்லை, அவைதான் தரவு. இதை மேற்பார்வையாளரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டு, ஒரே நூலை ஓர் இடத்தில் ஆதாரமாகவும் இன்னோர் இடத்தில் ஆய்வுப் பொருளாகவும் குழப்பாமல் எழுதினால் போதும். வீட்டில் பெரியவர்கள் சங்கரைப் பற்றிச் சொன்னதையும் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதுவும் இதே கணக்குத்தான். 1994இல் இங்கே மின்சாரம் இல்லை, பொருளாதாரத் தடை, சென்னை இதழ்கள் கைக்கு வருவது அருமை. ஆகவே அவர்கள் சொல்வது பெரும்பாலும் பின்னால் கேட்டதாகவோ பார்த்ததாகவோ இருக்கும், எங்கே கேட்டார்கள் என்று கேட்டு அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எழுதும்போது ஒரு தாளை மூன்றாகக் கோடு போட்டு, இடப்பக்கம் புத்தகத்தின் வசனம், நடுவில் யாருக்குத் தெரிந்திருக்கும், வலப்பக்கம் வேறு எங்கே பார்த்தேன் என்று நாலு பக்கத்துக்கும் செய்யுங்கள். வலப்பக்கம் வெறுமையாகக் கிடக்கிற வரிகளே உங்கள் மதிப்பீட்டை எழுதித் தந்துவிடும். 1994 ஏப்ரல் தீர்ப்பையும் ஒக்ரோபர் தீர்ப்பையும் அச்செடுத்து வையுங்கள், கொல்லப்பட்டவர்களின் பட்டியல் முதலாவதில் இருக்கிறது, சுயசரிதை விவகாரம் இரண்டாவதில். திங்கட்கிழமை மேற்பார்வையாளரிடம் போகும்போது அந்த இரண்டையும் கையோடு கொண்டுபோங்கள், முதல் கேள்வியே அதில் இருந்துதான் வரும்.